ஜப்பானியப் பச்சைத் தேயிலை: தேர்வும் தயாரிப்பும், நோயாளிகள் கவனிக்க வேண்டியவையும்

நலம் விசாரிக்க வருவோர் முன்பெல்லாம் ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டுவருவர். இப்போது அவற்றோடு பச்சைத் தேயிலைப் பெட்டியும் சேர்ந்துவிட்டது. அதிலும் ஜப்பானிலிருந்து வரும் உயர்தர இலைத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோருக்கு அதனை அக்கறையோடு வாங்கி அனுப்புகின்றனர். கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும், புற்றுநோய்க்கு நல்லது என்ற சொற்களும் அப்பெட்டியோடு வந்து சேர்கின்றன. பெட்டியின் மேலுள்ள எழுத்தோ ஜப்பானிய மொழியில் இருக்கும். அது எவ்வகைத் தேயிலை, எப்படித் தயாரிப்பது, நாம் உட்கொள்ளும் மருந்துகளுடன் பொருந்துமா என்ற ஐயங்கள் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் எழுவது இயல்பே.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ஜப்பானியத் தேயிலைக்குக் கொடுக்கும் உயர்ந்த விலை அதன் சுவைக்கான விலை. விலை ஏறினால் மருத்துவப் பயனும் ஏறும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அவ்விலையின் இயல்பை அறிந்தால், விலை மிகுந்த தேயிலையே சில நோயாளிகளுக்குப் பொருந்தாதது என்பதும் விளங்கும்.

வார்ஃபரின், நாடோலால், போர்டிசோமிப் ஆகிய மருந்துகளில் ஏதேனும் ஒன்றை உட்கொள்வோரும், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்போரும், டயாலிசிஸ் செய்துகொள்வோரும், கர்ப்பிணிகளும் இக்கட்டுரையில் 'மருந்துகளுடன் சேரும்போது' என்ற பகுதியை முதலில் படிக்க வேண்டுகிறோம். மற்றவற்றைப் பின்னர் பொறுமையாகப் படிக்கலாம்.

மருந்தாக வந்த இலை

பச்சைத் தேநீரை மருந்தாகக் கருதும் வழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. சீனத்தில் பயின்று 1191-ஆம் ஆண்டில் நாடு திரும்பிய எய்சாய் என்னும் ஜென் துறவி, 1211-இல் 'கிஸ்ஸா யோஜோகி' என்ற நூலை இயற்றினார். தேநீர் அருந்தி உடல்நலம் பேணுதல் பற்றியது என்பது அப்பெயரின் பொருள். 1214-இல் ஷோகன் மினமோட்டோ நோ சனெடோமோ உடல் நலிந்திருந்தபோது எய்சாய் அவருக்குத் தேநீரையும் தம் நூலையும் அளித்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பேடு கூறுகிறது. முந்திய இரவு அருந்திய மதுவே அந்த நலிவுக்குக் காரணமாக இருக்கலாம் என்றும் அதே குறிப்பேடு தயங்காமல் எழுதிவைத்திருக்கிறது!

இக்காலத்து மருத்துவ ஆய்வு என்ன சொல்கிறது? ஜப்பானின் மியாகி மாகாணத்தில் ஒசாக்கி என்னும் பகுதியைச் சேர்ந்த 40,530 பேரை 11 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. நாள்தோறும் 5 கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் அருந்தியவர்களிடையே இறப்பு விகிதம், ஒரு கோப்பைக்கும் குறைவாக அருந்தியவர்களைவிட ஆண்களில் 12 விழுக்காடும் பெண்களில் 23 விழுக்காடும் குறைவாக இருந்தது. இதயம், இரத்தக்குழாய் சார்ந்த நோய்களில் இந்த வேறுபாடு புலப்பட்டது. புற்றுநோயால் நேர்ந்த இறப்புகளில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

இம்முடிவை நோயாளிகள் தமக்கு நேரே பொருத்திப் பார்க்கக் கூடாது. தேநீர் மிகுதியாக அருந்துவோரின் உணவும் உழைப்பும் பிற பழக்கங்களும் வேறுபட்டிருக்கக்கூடும். கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வு எதுவும் இவற்றை முற்றாகப் பிரித்துக் காட்டிவிடாது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆய்வின் தொடக்கத்திலேயே பக்கவாதம், இதயத் தமனி நோய், புற்றுநோய் ஆகியவை வந்திருந்தோர் அதில் சேர்க்கப்படவில்லை. நோயுற்றவர் தேநீர் அருந்திக் குணமடைந்தார் என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை; காட்ட முயலவும் இல்லை.

நிழலும் வெயிலும்

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை இரண்டும் ஒரே செடியிலிருந்து கிடைப்பவை. பறித்த இலையைக் கசக்கிக் காற்றில் விட்டால் அதிலுள்ள நொதிகள் செயற்பட்டு இலை செம்பழுப்பாகும். அதுவே நாம் அன்றாடம் அருந்தும் தேயிலை. பறித்தவுடன் சூடேற்றி நொதிகளை அடக்கிவிட்டால் பசுமை நிலைத்திருக்கும். சீனத்தில் இதற்குப் பெரும்பாலும் சூடான இரும்புச் சட்டியில் இலையை வறுப்பர். ஜப்பானில் நீராவியில் அவிப்பர். உஜி என்னும் ஊரை அடுத்த உஜிதவாராவில் வாழ்ந்த நகதானி சோயென் என்பவர், இளந்தளிரை ஆவியில் அவித்துக் கையால் உருட்டிக்கொண்டே உலர்த்தும் முறையை 1738-இல் உருவாக்கினார். இன்று ஜப்பானில் பெரிதும் அருந்தப்படும் சென்ச்சா என்ற தேயிலை அந்த முறையின் வழிவந்தது. கடற்பாசியையும் இளம்புல்லையும் நினைவூட்டும் அதன் மணம் ஆவியில் அவிப்பதால் வருவது. முதன்முறை அருந்தும் பலருக்கு இம்மணம் உவப்பாக இருப்பதில்லை. அதனால் தேயிலை கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டா.

இலையின் சுவையைத் தீர்மானிப்பவை மூன்று பொருள்கள். அவை தியானின், கேட்டகின், காஃபின் ஆகியன. தியானின் ஓர் அமினோ அமிலம். தேநீருக்கு இனிமை கலந்த ஆழ்ந்த சுவையைத் தருவது அதுவே. 1949-இல் கியோகுரோ என்னும் உயர்வகைத் தேயிலையிலிருந்து அது கண்டறியப்பட்டது. கேட்டகின் துவர்ப்பும் கசப்பும் உடையது. பச்சைத் தேநீரின் நலன்களைப் பேசுவோர் பெரும்பாலும் இதனையே குறிப்பிடுவர். பச்சைத் தேயிலையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தவர் சுஜிமுரா மிச்சியோ என்ற பெண் அறிவியலாளர், ஆண்டு 1929. ஜப்பானில் வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

செடியின் வேரில் உருவாகும் தியானின் இலைக்கு ஏறுகிறது; இலையில் வெயில் படப்பட அது கேட்டகினாக மாறுகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் கொண்டால் ஜப்பானியத் தேயிலையின் விலைப்பட்டியல் முழுவதும் புரிந்துவிடும். கியோகுரோவுக்கான தோட்டங்களில் பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாள்கள் செடிகளுக்கு மேல் பந்தலிட்டு மூடி வெயிலை மறைப்பர். மாறுதல் தடைப்பட்டு, இலையில் தியானின் மிகுந்து துவர்ப்புக் குறையும். அதுபோலவே, குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருந்த செடி ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் விடும் முதல் தளிரில் தியானின் மிகுதி. ஜூன், ஜூலை மாதங்களில் பறிக்கும் இரண்டாம் தளிரில் கேட்டகின் மிகுதி, விலையும் குறைவு. கேட்டகினுக்காகத் தேயிலை வாங்குபவர் பெரும்பணம் கொடுத்துக் கியோகுரோ வாங்குவது, தாம் தேடும் பொருள் எதில் குறைவோ அதனையே தேடி வாங்குவதாகும்.

பெட்டியில் இருப்பது எது?

அன்பளிப்பாக வரும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது சென்ச்சா. இலைகள் ஊசிபோல் நீண்டு, உருண்டு, கரும்பச்சையாகப் பளபளக்கும். 'ஷின்ச்சா' என்று குறிக்கப்பட்டிருந்தால் அவ்வாண்டின் முதல் தளிர் என்று பொருள். 'ஃபுகாமுஷி' என்றிருந்தால் வழக்கத்தைவிட இருமடங்கு, மும்மடங்கு நேரம் ஆவியில் அவித்தது. அதன் இலைகள் நொறுங்கித் தூள்போல் இருக்கும். அதனால் மட்டமானது என்று கருதிவிடக் கூடாது. துவர்ப்புக் குறைந்து, கலங்கிய அடர்பச்சைச் சாறு தரும் நல்ல வகை அது. முதன்முறை வாங்குவோருக்கு ஃபுகாமுஷி சென்ச்சாவையே பரிந்துரைக்கலாம். நீரின் சூடு சற்று முன்பின் ஆனாலும் சுவை பெரிதாகக் கெடாது.

விலை மிகுந்தது கியோகுரோ. இதன் வடிநீரைப் பற்றி ஜப்பான் அரசின் உணவுச் சத்து அட்டவணை தரும் எண்கள் பலரையும் வியப்பில் ஆழ்த்தும். கியோகுரோவின் 100 மில்லிலிட்டர் சாற்றில் காஃபின் 160 மில்லிகிராம். அதே அளவு காபி வடிநீரில் 60. கறுப்புத் தேநீரில் 30. சென்ச்சாவில் 20 மில்லிகிராம். பச்சைத் தேநீர் என்றாலே காபியைவிட மென்மையானது என்ற பொதுவான எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது. கியோகுரோவை மிகுந்த இலையிட்டு மிகக் குறைந்த நீரில் சாறாக இறக்குவர். ஒருவர் ஒருமுறை அருந்துவது 20 மில்லிலிட்டர் அளவே என்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கமான தம்ளர் நிறைய அதே செறிவில் தயாரித்துக் கொடுத்தால் இதயத் துடிப்பு மிகுதியாக உள்ளவர் அன்றிரவு படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

மாட்சா என்பது நிழலில் வளர்த்த இலையை நரம்பும் காம்பும் நீக்கிக் கல் இயந்திரத்தில் மாவாக அரைத்தது. இதில் வடிகட்டுதல் இல்லை. இலை முழுவதும் வயிற்றுக்குள் செல்கிறது. ஆகவே இலையிலுள்ளவை யாவும் உடலில் சேரும். பாலுடன் கலந்து அருந்துவதற்கென விற்கப்படும் மாட்சாக் கலவைப் பொட்டலங்கள் பலவற்றில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டு முடிவு செய்க.

நோயாளிகளுக்கு எளிதில் ஏற்றவை, விலை குறைந்த மூன்று வகைகள். முற்றிய இலையில் செய்வது பான்ச்சா. வறுத்த அரிசி கலந்தது கென்மாய்ச்சா. பொரியின் மணம் வீசும். பச்சை இலையைச் செம்பழுப்பாக வறுத்தது ஹோஜிச்சா. புகைமணமும் மெல்லிய இனிப்பும் உடையது. 100 மில்லிலிட்டரில் பான்ச்சாவிலும் கென்மாய்ச்சாவிலும் காஃபின் 10 மில்லிகிராம், ஹோஜிச்சாவில் 20. வேதிச்சிகிச்சை பெறுவோரில் சிலருக்குக் கசப்பும் பச்சை வாடையும் குமட்டலைத் தூண்டுவதுண்டு. அவர்களுக்கு ஹோஜிச்சா ஒத்துக்கொள்ளக்கூடும். இவ்வகைகளை அன்பளிப்பாகக் கொடுப்பதற்குச் சிலர் தயங்குவர். நோயாளிக்கு வாங்குவதாயின் தயங்க வேண்டியதில்லை என்பதே எமது கருத்து.

கடையில் வாங்கும்போது விளைந்த இடமும் பறித்த ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும். ஷிசுவோகா, ககோஷிமா, உஜி, ஃபுகுவோகாவிலுள்ள யாமே ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். ஆவியில் அவித்த தேயிலை பிற நாடுகளிலும் செய்யப்படுகிறது. 'ஜப்பானிய முறை' என்ற சொல்லும் 'ஜப்பானில் விளைந்தது' என்ற சொல்லும் ஒன்றல்ல. இலை மஞ்சள் பாய்ந்து மணம் மங்கியிருந்தால் பழையது. 50 அல்லது 100 கிராம் பொட்டலம் போதும். பிரித்த தேயிலையை ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடுவது நன்று. காற்றுப்புகாத டப்பாவில், அடுப்பிற்கும் பெருங்காயத்திற்கும் மசாலாப் பொடிகளுக்கும் எட்டத்தில் வைக்கவும். தேயிலை அண்டையிலுள்ள மணத்தை ஈர்த்துக்கொள்ளும். பிரிக்காத பொட்டலத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்துக் குளிர்ச்சி முற்றும் தணிந்த பிறகே பிரிக்க வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் இலையின்மேல் படிந்துவிடும்.

நீரின் சூடு

தியானின் குறைந்த சூட்டிலேயே நீரில் இறங்கிவிடும். கசப்பான கேட்டகின்களும் காஃபினும் சூடு ஏற ஏற மிகுதியாக இறங்கும். கொதிக்கும் நீரை நேரே ஊற்றினால் உயர்ந்த சென்ச்சாவும் கசந்துபோவது இதனால்தான். பச்சைத் தேநீரைக் கசப்பு மருந்தாகவே அறிந்திருக்கும் நம்மில் பலர் உண்மையில் அறிந்திருப்பது கொதிநீரின் விளைவை. அக்கசப்பை மறைக்கவே தேனும் எலுமிச்சையும் தேவைப்படுகின்றன. நீரை ஆற்றி ஊற்றினால் அவை வேண்டியிரா; நீரிழிவு நோயாளிக்கு ஒரு கரண்டித் தேனும் மிச்சம்.

நல்ல சென்ச்சாவை மூவருக்குத் தயாரிக்க 6 கிராம் இலையும், 170 மில்லிலிட்டர் நீரும் போதும். நீர் 70 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஊறும் நேரம் 2 நிமிடம்; ஃபுகாமுஷியாக இருந்தால் அரை நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாக விட்டாலே போதும். நடுத்தர சென்ச்சாவாக இருந்தால் ஐவருக்கு 10 கிராம் இலை, 430 மில்லிலிட்டர் நீர், 90 டிகிரி, 1 நிமிடம். கியோகுரோவுக்கு மூவருக்கு 10 கிராம் இலை, 60 மில்லிலிட்டர் நீர், 50 முதல் 60 டிகிரி, இரண்டரை நிமிடம். பான்ச்சாவுக்கும் ஹோஜிச்சாவுக்கும் இந்த நுணுக்கம் எதுவும் தேவையில்லை. ஐவருக்கு 15 கிராம் இலையில் 650 மில்லிலிட்டர் கொதிநீரை ஊற்றி அரை நிமிடத்தில் வடித்துவிடலாம்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டா. ஜப்பானியர் 'யுசமாஷி' என்னும் அகன்ற கிண்ணத்தில் கொதிநீரை ஊற்றி ஆறவைப்பர். ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் சூடு 5 முதல் 10 டிகிரி வரை இறங்கும். காபியை டபராவில் ஆற்றிப் பழகிய வீட்டில் இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. கொதித்து இறக்கிய நீரைத் தம்ளருக்கும் டபராவுக்குமாக மூன்று, நான்கு முறை மாற்றினால் 70 டிகிரியை ஒட்டி வந்துவிடும். கலத்தின் கனத்தையும் அறையின் குளிர்ச்சியையும் பொறுத்து இது மாறுபடும். வெப்பமானி கிடைத்தால் ஒருமுறை அளந்து, தம் வீட்டுத் தம்ளருக்கு எத்தனை மாற்றம் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இலையை இடுவதற்குக் 'கியூசு' என்னும் பக்கவாட்டுக் கைப்பிடியுள்ள மண் குடுவை ஜப்பானில் வழங்குகிறது. வசதியானதுதான், கட்டாயமில்லை. மூடியுள்ள சிறிய பீங்கான் பாத்திரமும் நெருக்கமான வடிகட்டியும் அந்த வேலையைச் செய்யும். உருண்டையான சிறு வடிகட்டிக் கூண்டுகள் மட்டும் வேண்டா. இலை விரிய இடமின்றி அடைபட்டுப்போகும். ஊறும்போது குலுக்கவோ கரண்டியால் அழுத்தவோ கூடாது. கோப்பைகளில் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி ஊற்றினால் எல்லாக் கோப்பைகளிலும் செறிவு ஒத்திருக்கும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். தங்கும் நீரில் இலை தொடர்ந்து ஊறினால் அடுத்த முறை கசக்கும். அதே இலையில் சற்றுக் கூடுதல் சூட்டில், 10, 15 விநாடிகளில் இரண்டாம் முறையும் வடிக்கலாம். சிலர் இரண்டாவதையே விரும்புவர்.

நீரின் தன்மையும் முக்கியம். ஜப்பானின் நீர் பெரும்பாலும் மென்னீர். அத்தேயிலையும் அதற்கேற்பவே பக்குவப்படுத்தப்படுகிறது. கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் நிறம் மங்கி, சுவை தட்டையாகும். அத்தகைய பகுதிகளில் சுத்திகரித்த நீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம்.

காஃபின் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டும் சென்ச்சாவின் சுவையை விட மனமில்லாதோருக்கு ஒரு வழி உண்டு. 10 கிராம் இலையை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 6 மணி நேரம் வைத்து வடித்தால், காஃபினும் கசப்பும் குறைவாகவே இறங்கும், இனிமை தங்கும். ஆனால் வேதிச்சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்தோரும், உறுப்பு மாற்றோ எலும்பு மச்சை மாற்றோ செய்துகொண்டோரும் இம்முறையைப் பின்பற்றக் கூடாது. உலர்ந்த இலையில் கிருமிகள் இருக்கலாம். குளிர்ந்த நீர் அவற்றை அழிக்காது. அவர்களுக்குக் கொதிநீரில் வடித்து, பிறகு ஆறவைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு. கொதிநீருக்கு ஏற்ற வகை ஹோஜிச்சா.

ஆறவைப்பது எல்லோருக்கும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016-இல் வகைப்படுத்தியது. பானம் எது என்பதைவிட அதன் சூடே அங்கே கருதப்பட்டது. வாய்ப்புண் உள்ளவர்கள் வெதுவெதுப்புக்கு இறங்கிய பிறகே அருந்த வேண்டும்.

மருந்துகளுடன் சேரும்போது

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் பலரும் பச்சைத் தேநீரை அறவே விலக்க வேண்டுமென்று கேள்விப்பட்டிருப்பர். வார்ஃபரினுக்கு எதிராகச் செயல்படுவது வைட்டமின் கே. உலர்ந்த தேயிலையில் அது மிகுதியாகவே உண்டு. ஆனால் அது நீரில் கரைவதில்லை. வடித்த பின் இலையிலேயே தங்கிவிடுகிறது. ஆதலால் நாள்தோறும் ஒரே அளவாக ஓரிரு கோப்பை வடித்த தேநீர் அருந்துவது பெரும்பாலோருக்குச் சிக்கல் தருவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் வரை பருகிய ஒருவருக்கு இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கியதாக மருத்துவப் பதிவு உண்டு. மாட்சாவின் நிலை வேறு. இலை முழுவதும் உட்செல்வதால் 2 கிராம் மாட்சாவில் ஏறத்தாழ 58 மைக்ரோகிராம் வைட்டமின் கே உடலில் சேரும். ஒரு நாள் அருந்தி மறுநாள் விடுவது ஐ.என்.ஆர். அளவை ஏற்றி இறக்கக்கூடும். வார்ஃபரின் எடுப்போர் மாட்சாவைத் தவிர்ப்பது நல்லது. வடித்த தேநீரையும் புதிதாகத் தொடங்குமுன் மருத்துவரிடம் கூற வேண்டும்.

இரத்த அழுத்தத்திற்கும் இதயத் துடிப்புக்கும் தரப்படும் நாடோலால் என்ற மருந்தைப் பற்றி 2014-இல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல்நலமுள்ள 10 பேர் நாளொன்றுக்கு 700 மில்லிலிட்டர் பச்சைத் தேநீரை 14 நாள்கள் அருந்திய பின் இம்மருந்தை உட்கொண்டபோது, இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்திருந்தது. குடலில் மருந்தை உள்ளே கொண்டுசெல்லும் வழியைக் கேட்டகின்கள் தடுப்பதே காரணம் எனக் கருதப்படுகிறது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் அழுத்தம் குறையாத நிலை இவ்வாறு ஏற்படலாம். இம்மருந்தை எடுப்போர் பச்சைத் தேநீரை விட்டுவிட வேண்டும்.

மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கான போர்டிசோமிப் ஊசி மருந்தைக் கேட்டகின்களுள் முதன்மையானது நேரே பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்வது 2009-இல் ஆய்வகச் சோதனைகளில் கண்டறியப்பட்டது. புற்றுநோய்க்கு நல்லது என்று கேட்டு அருந்தும் தேநீர், அதே நோய்க்கான மருந்தைத் தடுக்கக்கூடும் என்பதால், இச்சிகிச்சையிலுள்ளோர் பச்சைத் தேநீரையும் அதன் மாத்திரைகளையும் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். வேறு புற்றுநோய் மருந்துகளைப் பெறுவோரும் தாமாகத் தொடங்காமல் தம் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

கீரை, பயறு, தானியங்கள் முதலிய தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைக் கேட்டகின்கள் பிணைத்து, உடல் ஏற்காதவாறு செய்துவிடுகின்றன. இறைச்சியிலுள்ள இரும்புக்கு இத்தடை மிகக் குறைவு. சைவ உணவு உண்போரும் இரத்தசோகை உள்ளவரும் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுத் தேநீர் அருந்துக. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இவ்விடைவெளி தேவை. பொதுவாக எந்த மாத்திரையையும் வெறும் நீரால் விழுங்குவதே முறை.

சிறுநீரக நோயாளிகளுக்குக் கியோகுரோ ஏற்றதன்று. முன் சொன்ன அட்டவணையின்படி அதன் 100 மில்லிலிட்டர் சாற்றில் பொட்டாசியம் 340 மில்லிகிராம். ஏறத்தாழ 100 கிராம் வாழைப்பழத்தில் உள்ள அளவு. சென்ச்சாவில் 27, கென்மாய்ச்சாவில் 7 மட்டுமே. டயாலிசிஸ் செய்துகொள்வோர் வாழைப்பழத்தை விலக்கிவிட்டு, தெரியாமல் கியோகுரோவையோ மாட்சாவையோ அருந்தும் நிலை வரக் கூடாது. எந்தத் தேநீரானாலும் அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட நீரளவுக்குள் அதனையும் கணக்கிட வேண்டும்.

கர்ப்பிணிகள் ஒரு நாளில் எல்லா வழியிலும் சேரும் காஃபின் 200 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காபியும் கறுப்புத் தேநீரும் இக்கணக்கில் அடங்கும். உட்கொண்ட காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் இழைநார் வளர்ச்சி உள்ளோருக்கும் இன்னும் நீளும். மாலை 4 மணிக்கு அருந்திய கோப்பை இரவு 9 மணிக்கும் பாதி மிஞ்சியிருக்கிறது என்றால், உறக்கமின்மைக்கு வேறு காரணம் தேடுமுன் இதனைக் கவனிக்கலாம்.

தேநீரைவிடக் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுபவை, எடை குறையும் என்று விற்கப்படும் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகள். நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் செறிவூட்டிய கேட்டகினை மாத்திரையாக உட்கொள்வது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளை இரத்தத்தில் காட்டக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவித்தது. வழக்கமாக வடித்து அருந்தும் தேநீரைப் பற்றி அவ்வாணையம் அத்தகைய அச்சம் தெரிவிக்கவில்லை. மருத்துவர் "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று வினவும்போது இம்மாத்திரைகளை 'இயற்கையானவை' என்று கருதிச் சொல்லாமல் விடுவோர் பலர். அவற்றின் டப்பாவையும் மருந்துப் பையில் எடுத்து வாருங்கள்.

வார்டில் தங்கியிருக்கும்போது

நோயாளிப் படுக்கையருகே மின்கெட்டில் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று. வெந்நீரைக் குடுவையில் பெற்றுவைத்துக்கொள்ளலாம். காலையில் கொதிக்கக் கொதிக்க நிரப்பிய நீர், சில மணி நேரத்தில் தானே சூடு தணிந்திருக்கும். சென்ச்சாவுக்கு அதைத் தம்ளரில் ஓரிரு முறை ஆற்றினால் போதும். இலையைக் குடுவைக்குள்ளேயே போட்டுவைப்பது வேண்டா. மணிக்கணக்கில் ஊறி, கசப்பும் காஃபினும் முழுவதும் இறங்கிவிடும்.

உடனிருப்பவருக்கும் ஒரு சொல். இரவில் விழித்திருக்க வேண்டிய நாளில் சென்ச்சா உதவும். நோயாளி உறங்கி, தமக்கும் உறங்க வாய்ப்புக் கிடைத்த நாளில் பான்ச்சாவோ கென்மாய்ச்சாவோ போதும். நோயாளிக்கும் தமக்குமாக ஒரே பாத்திரத்தில் தயாரிப்பதாயின் அவருக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வடித்த தேநீரைச் சூடாக இருக்கும்போதே தீர்த்துவிடுங்கள். மீந்ததை மறுநாள் காலைக்கு வைக்காமல் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.